கடைசி வண்டி, முதல் வண்டி: சென்னைப் புறநகர் பஸ் அனுபவங்களைப் பகிருங்கள்

திருப்போரூர் பக்கத்துக்காரன்

எங்கள் ஊர் திருப்போரூரிலிருந்து பிரிந்து உள்ளே போகும் ரோட்டில் இருக்கிறது. ராத்திரி கடைசியாக வரும் வண்டிதான் விடியற்காலையில் கிளம்பும் முதல் வண்டி. நைட் ஹால்ட். பிள்ளையார் கோயில் திடலில் நிறுத்திவிட்டு டிரைவரும் கண்டக்டரும் கொசுவத்தி ஏற்றி சீட்டிலேயே படுத்துக்கொள்வார்கள். குளிக்கத் தண்ணீர் பக்கத்துக் கொல்லையில். மழை நாளில் யார் வீட்டிலிருந்தாவது ரசமும் சோறும் போகும்.

நாலரைக்கு இன்ஜினை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் சும்மா ஓடவிடுவார்கள். ராத்திரி முழுக்க நின்றதில் ஏர் இறங்கியிருக்கும், அது ஏறினால்தான் பிரேக் பிடிக்கும். அந்தச் சத்தத்துக்குத்தான் பாதி ஊர் எழுந்தது. கீரைக்கட்டு, முருங்கைக்காய்க் கட்டு, பால் கேன் எல்லாம் முன்படி ஓரம் ஏறும். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு டோக்கன் போட வேண்டியவர்கள், ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) செக்யூரிட்டி வேலைக்குப் போகிறவர்கள், கட்டட வேலைக்காரர்கள் எல்லோருக்கும் அந்த ஒரு வண்டிதான்.

நான் பெருங்குடியில் செகண்ட் ஷிஃப்ட். முடிந்ததும் 19பி, இல்லையென்றால் 102 பிடித்துக் கேளம்பாக்கம், அங்கிருந்து திருப்போரூர், அப்புறம் ஊர் வண்டி. ஒரு ஐப்பசி மழையில் செம்மஞ்சேரி பக்கம் ரோட்டில் தண்ணீர், வண்டி ஊர்ந்துகொண்டே வந்தது. ஊர் வண்டி போயிருக்கும் என்று நினைத்துத்தான் திருப்போரூரில் இறங்கினேன். நின்றுகொண்டிருந்தது. உள்ளே பத்துப் பதினைந்து பேர், எல்லோரும் களைத்துப் போனவர்கள். "பெருங்குடி தம்பி வரலையேன்னு பார்த்தேன், ஏறுப்பா" என்றார் கண்டக்டர். அவருக்கு என் பெயர் தெரியாது. உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. நாளைக்கு அவர்களுக்காக நானும் காத்திருப்பேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

2020 ஊரடங்கில் நின்ற அந்த சிங்கிள் (ஒரு வழி நடை) இன்றுவரை திரும்ப வரவில்லை. இப்போது பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்திலேயே ஊருக்கு வண்டி கிடையாது. நான் பைக் வாங்கிக்கொண்டேன். என் அக்கா கேளம்பாக்கத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள், சாயங்காலம் எட்டு மணி வரை வேலை. அந்த வேலையை விட்டுவிட்டாள். ஊரைச் சுற்றி எத்தனை பஸ் ஓடுகிறது என்று யாராவது கணக்குச் சொன்னால் நான் ஒன்றுதான் கேட்பேன்: கடைசி வண்டி எத்தனை மணிக்கு?

உங்கள் ஊர் வண்டியைப் பற்றி எழுதுங்கள்.

பெரும்பாக்கம் பொண்ணு

அண்ணா, உங்கள் அக்காவைப் பற்றிப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் சைதாப்பேட்டையில் ஆற்றங்கரையில் இருந்தோம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தார்கள். வீடு மாறியது, அம்மாவின் வேலை மாறவில்லை. மந்தைவெளியில் மூன்று வீடு. முன்பெல்லாம் நடந்தும் ஒரே பஸ்ஸிலும் போனவர், இங்கே வந்த பிறகு இருட்டு பிரிவதற்குள் கிளம்ப வேண்டியதாயிற்று. வந்த புதிதில் எத்தனையோ பேர் பஸ் காசு கட்டுப்படியாகாமல் வேலையை விட்டார்கள்.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் வந்தது. இப்போது முன்னும் பின்னும் பிங்க் அடித்து வருகிறதே, அந்த வண்டிகள். எங்கள் பிளாக்கில் அது என்ன செய்தது என்பதைக் கண்ணால் பார்த்தேன். வேலையை விட்டவர்கள் திரும்பக் கிளம்பினார்கள். எங்கேயும் போகாத பாட்டி ராயப்பேட்டையில் இருக்கிற தங்கச்சியைப் பார்க்கப் போக ஆரம்பித்தார். அம்மா வண்டியிலேயே நாலாவது வீடு பிடித்தார். "அடையாறுல ஒரு வீட்டுல சமையலுக்குக் கேட்டாங்க, போறியா?" என்று பின் சீட்டிலிருந்து ஒரு அக்கா கேட்டது. ஆள் தேடுவது, சம்பளம் விசாரிப்பது, எந்த வீட்டில் மரியாதையாக நடத்துவார்கள் என்று சொல்வது, எல்லாம் அந்த வண்டியில்தான்.

ஒரு நாள் சரியான கூட்டம். அம்மா விடாமல் "ஒரு டிக்கெட் குடுங்க" என்று கண்டக்டரிடம் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். காசில்லாத டிக்கெட்டுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று ஒரு காலேஜ் பெண் கேட்டாள். அம்மா சொன்னது: "நான் ஏறுனேன்னு கணக்குல வரணும்மா. ஆளே இல்லைன்னு எழுதிட்டா நாளைக்கு வண்டி வராது." அதுதான் உண்மை. அந்தக் கட்டணமில்லா டிக்கெட்டை வைத்துத்தான் எத்தனை பெண்கள் போனார்கள் என்று எண்ணுகிறார்கள். அந்தச் செலவை அரசு போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுக்கிறது.

பூந்தமல்லி, ஓய்வு பெற்ற கண்டக்டர்

தங்கச்சி, உங்க அம்மாவுக்கு என் வணக்கம். முப்பது வருஷம் பை தோளில் போட்டவன் சொல்கிறேன், அவர் சொன்னதுக்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. ஆனாலும் கொஞ்சம் உள்விஷயம் சொல்கிறேன்.

நான் சேர்ந்தபோது பேர் பல்லவன் போக்குவரத்துக் கழகம். 1972-ல் தொடங்கியது. 1994-ல் இரண்டாகப் பிரித்து ஒன்றுக்கு அம்பேத்கர் பெயர் வைத்தார்கள். 2001-ல் மறுபடி ஒன்றாகி மாநகர் போக்குவரத்துக் கழகம். பெயர் மாறினாலும் தடம் எண் மாறவில்லை. 54 என்றால் பூந்தமல்லியிலிருந்து பிராட்வே, 25ஜி என்றால் அண்ணா சதுக்கம், 62 என்றால் செங்குன்றம். ஊர் பேர் படிக்கத் தெரியாதவர்கள்கூட எண்ணைத் தூரத்திலேயே அடையாளம் கண்டு கையைக் காட்டுவார்கள். எண்ணோடு 'கட்' என்று போட்டிருந்தால் பாதியில் நின்றுவிடும், 'எக்ஸ்டன்ஷன்' என்றால் இன்னும் உள்ளே போகும். எக்ஸ்டன்ஷன் பலகையைப் பார்த்ததும் ஜனங்கள் முகத்தில் வரும் மகிழ்ச்சியை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

சிட்டிக்குள் நாங்கள் சீட்டில் உட்கார்ந்தபடியே டிக்கெட் கொடுப்போம், காசு கைமாறி கைமாறி வந்து சேரும். பூந்தமல்லி தாண்டி உள்ளே போனால் அப்படி நடக்காது. எழுந்து போய்த்தான் கொடுக்க வேண்டும், ஏனென்றால் கோழிக்கூடையும் நாற்றுக்கட்டும் நடுவில் இருக்கும்.

கடைசி சிங்கிள் ஏன் வெட்டுப்படுகிறது என்று கேட்டால், வசூல்தான். கிலோமீட்டருக்கு எவ்வளவு வந்தது என்று பார்ப்பார்கள். கடைசி வண்டியில் எட்டுப் பேர், சில நாள் ஐந்து பேர். ஹால்ட் இல்லாத ஊரானால் திரும்பும்போது காலியாக வரும். தாளில் அது நஷ்டம். ஆனால் நான் வண்டியில் பார்த்தது வேறு. கடைசி வண்டி இருக்கிறது என்ற தைரியத்தில்தான் மனிதர் ஏழு மணி வண்டியில் வருவார். ஒருவேளை தவறினால் இன்னொன்று உண்டு என்ற நம்பிக்கை. கடைசி வண்டியை எடுத்துவிட்டால் ஏழு மணி வண்டிதான் கடைசி. அதற்கும் வர முடியாதவர் காலையிலேயே பைக்கில் போய்விடுவார். காலை வண்டியிலும் ஆள் குறையும், அடுத்து அதையும் வெட்டுவார்கள். தடம் முழுக்க இப்படியே தேய்ந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். அந்த எட்டுப் பேருடைய டிக்கெட்டை மட்டும் வைத்துக் கடைசி வண்டியின் கணக்கைப் போடக்கூடாது. அந்தத் தடத்தில் நாள் முழுக்க ஏறுகிற எல்லோருடைய டிக்கெட்டிலும் அதற்குப் பங்கு இருக்கிறது.

திருப்போரூர் தம்பி, உங்களுக்காக நிறுத்திவைத்த கண்டக்டர் சட்டப்படி பார்த்தால் நேரத்தை மீறினார். நானும் செய்திருக்கிறேன். மெமோ வந்தால் வாங்கிக்கொள்ளலாம், இருட்டில் ஒரு பிள்ளையை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போனால் தூக்கம் வராது.

ஊரப்பாக்கம்

என்னுடையது சின்ன அனுபவம். 30.12.2023 அன்று கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தார்கள். தென்மாவட்ட வண்டியில் வரும் எங்களுக்கு வீட்டு வாசலில் இறங்கின மாதிரி. முன்பு கோயம்பேடு வரை போய்த் திரும்பி வருவோம். ஆனால் அங்கே முதல் மாதத்தில் ஒரு வயதான தம்பதியைப் பார்த்தேன், சங்கரன்கோவிலிலிருந்து வந்தவர்கள், மகள் வீடு திருவொற்றியூர். கையில் அரிசிப் பை, நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி. "மெட்ராஸ் வந்தாச்சுன்னாங்க, இன்னும் எவ்வளவு தூரம் தம்பி?" என்று கேட்டார் பெரியவர். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. பிராட்வே பஸ்ஸில் ஏற்றி, இறங்கி மாற வேண்டிய இடத்தைத் தாளில் எழுதிக் கொடுத்து, கண்டக்டரிடமும் சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு அருகில் வந்த ஒன்று அவர்களுக்குத் தூரமாகிவிட்டது. விடியற்காலை வரும் வெளியூர் வண்டிகளின் நேரத்தைப் பார்த்து வடசென்னைக்கு நேர் வண்டிகளை விட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

திருப்போரூர் பக்கத்துக்காரன்

பூந்தமல்லி ஐயா, நீங்கள் எழுதியதைப் பிரிண்ட் எடுத்து ஊர்த் தலைவரிடம் கொடுத்துவிட்டேன். வரும் கிராம சபையில் தீர்மானம் போட்டு, திங்கட்கிழமை குறைதீர்ப்புக் கூட்டத்தில் கலெக்டரிடம் மனுவாகக் கொடுக்கப் போகிறோம். எட்டுப் பேர் கணக்கோடு நிறுத்தாமல், வண்டி நின்றதால் வேலையை விட்டவர்கள், படிப்பை நிறுத்தியவர்கள், பைக் வாங்கியவர்கள் என்று ஸ்டாப்பிங் வாரியாக எழுதி வாங்குகிறோம். அக்காதான் நோட்டு போட்டு எழுதுகிறாள். திருப்போரூரிலிருந்து உள்ளே வரும் எந்த ஸ்டாப்பிங்காக இருந்தாலும் உங்கள் பெயரையும், உங்களுக்கு எத்தனை மணிக்கு வண்டி வேண்டும் என்பதையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளிடம் சேர்த்துவிடுங்கள்.