பழைய உளுவை மீன் பதிவுகள் எல்லாம் சென்ட்ரல் பக்கத்தில் விழுகின்றன, என்ன செய்யலாம்?

கேள்வி:
வணக்கம். எண்ணூரிலிருந்து கோவளம் வரை கழிமுகங்களில் வாழும் சின்ன உளுவை மீன்களுக்கு ஒரு பட்டியல் தயாரிக்கிறேன். உயிரினப் பதிவுகளை உலகெங்கிலுமிருந்து திரட்டித் தரும் ஜிபிஐஎஃப் தளத்திலிருந்து அருங்காட்சியக மாதிரிகளின் பதிவுகளை இறக்கி வரைபடத்தில் போட்டால், பழையவை பல 13.08, 80.27 என்ற ஒரே புள்ளியில், சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி நிற்கின்றன. அங்கே ஏது கழிமுகம்? அடையாறு முகத்துவாரத்துக்கு நகர்த்திவிடலாமா? அப்புறம், அறிவியல் பெயர்களில் கோபியஸ் கியூரிஸ், குளோசோகோபியஸ் கியூரிஸ் இரண்டும் ஒன்றா? பெயருக்குப் பக்கத்தில் 1822 என்று இருக்கிறதே, மாதிரி அவ்வளவு பழையதா?

பதில்:
தயவுசெய்து நகர்த்தாதீர்கள். குடுவைச் சீட்டில் "மெட்ராஸ்" என்று மட்டும் இருந்தால், பிற்பாடு கணினியில் ஏற்றுபவர்கள் நகரத்தின் மையப் புள்ளியைக் கொடுப்பது வழக்கம். அந்த மெட்ராஸ் நகரம்தானா என்பதே சந்தேகம். மாகாணம் என்றால் கஞ்சத்திலிருந்து மலபார் வரை எங்கேயும் பிடித்திருக்கலாம். நீங்கள் அடையாறு என்று மாற்றினால், நாளை இன்னொருவர் அதை நம்பிக் கட்டுரை எழுதுவார். சீட்டில் உள்ள சொற்களை வெர்பாட்டிம் லொக்காலிட்டி (சீட்டில் எழுதியபடி இடம்) என்ற புலத்தில் அப்படியே வையுங்கள். புள்ளி எத்தனை மீட்டர் தள்ளி இருக்கக்கூடும் என்பதற்கும் தனிப் புலம் உண்டு, அதில் தாராளமாகப் போடுங்கள்.

இரண்டு பெயரும் ஒரே மீன்தான். 1822 என்பது இயற்கை ஆய்வாளர் ஹாமில்டன் தன் கங்கை மீன்கள் நூலில் அதற்குப் பெயர் வைத்த ஆண்டு. பிடித்த தேதி ஈவென்ட் டேட் என்ற புலத்தில் இருக்கும். அது காலி என்றால் காலியாகவே விடுங்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. அப்படியானால் இந்தப் பதிவுகளை நீக்கிவிடவா? சிலவற்றில் பேரினம் மட்டும்தான் இருக்கிறது.

இன்னொரு பதில்:
நீக்கக் கூடாது. பட்டியலில் இருக்கட்டும், வரைபடத்தில் மட்டும் சேர்க்காதீர்கள். மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்கள் நூலுக்கு ஆதாரமான மாதிரிகள் கொல்கத்தா, லண்டன், லெய்டன், சிட்னி என்று சிதறிக் கிடக்கின்றன. நம் கரையின் பழைய சாட்சி அவைதான்.

பேரினம் மட்டும் உள்ளவற்றுக்கு, பதிவு எண்ணைச் சொல்லி அருங்காட்சியகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். சீட்டின் படமும் மீனின் படமும் கேளுங்கள். ஆல்கஹாலில் நிறம் போய்விடும், அதை நம்ப முடியாது. துடுப்புக் கதிர்கள், பக்கவாட்டுச் செதில் வரிசை, கன்னத்தில் உள்ள உணர்வுப் புள்ளிகளின் வரிசை, இவை தெரிகிற மாதிரி நெருக்கமான படங்கள் வேண்டும். எண்ணோடு நிறுவனக் குறியீட்டையும் சேர்த்து எழுதுங்கள். அதே எண் வேறு அருங்காட்சியகத்திலும் இருக்கும்.