தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு நாய் வாங்கித் தரலாமா?

சாளைவாசி:
அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. அம்மா தாராபுரம் பக்கம் தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கிறார். எனக்கு திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, இங்கே வந்துவிடுங்கள் என்றால் மாட்டை யார் பார்ப்பது என்று ஒரே பதில்தான். 2024 நவம்பரில் பல்லடம் பக்கமும் அடுத்த வருசம் சிவகிரி பக்கமும் தோட்டத்து வீடுகளில் பெரியவர்களைக் கொன்று போட்டார்களே, அதிலிருந்து எனக்கு ராத்திரி தூக்கம் சரியில்லை. ஒரு நாய்க்குட்டி வாங்கி விடலாம், காவலுக்கும் ஆச்சு பேச்சுத்துணைக்கும் ஆச்சு என்கிறாள் தங்கச்சி. அறுபத்தெட்டு வயசில் அத்தைக்கு இன்னொரு வேலையா என்கிறாள் வீட்டுக்காரி. வளர்த்தவர்கள் சொல்லுங்க.

பீளமேட்டுப் பொண்ணு:
யோசிக்காமல் வாங்குங்கண்ணா. எங்க அப்பாவுக்கு பைபாஸ் ஆன பிறகு தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர், நாலு நாள் நடந்தார், அஞ்சாம் நாள் முழங்கால் வலி. அப்புறம் ஒரு நாட்டு நாய் வந்து சேர்ந்தது. காலையில் அஞ்சரைக்குக் கட்டில் பக்கத்தில் வந்து நின்று முகத்துக்கு நேராக மூச்சு விடும், எழுந்திருக்காவிட்டால் லுங்கி நுனியைக் கடித்து இழுக்கும். இப்போது முழங்கால் வலியோடவே இரண்டு கிலோமீட்டர் நடக்கிறார். பதினோரு வருசமாக ஒரே வீதியில் குடியிருந்தும் பக்கத்து வீட்டுக்காரர் பேர் தெரியாத மனுசன், இன்றைக்கு யார் வீட்டில் காதுகுத்து என்பதுவரை சொல்கிறார், எல்லாம் நாயை நிறுத்தி நிறுத்திப் பேசியதில் வந்தது.

சும்மாவும் சொல்லவில்லை. ஸ்வீடனில் 34 லட்சம் பேரைப் பன்னிரண்டு வருசம் தொடர்ந்து பார்த்து 2017-ல் ஆய்வு வெளியிட்டார்கள். தனியாக வாழ்கிறவர்களில், நாய் இல்லாதவர்களைவிட நாய் வளர்க்கிறவர்களுக்குச் சாவு அபாயம் 33 சதவீதம் குறைவு. உங்க அம்மாவும் தனியாகத்தானே இருக்கிறார்?

வெள்ளக்கோவில் பட்டிக்காரன்:
ஸ்வீடனில் கொறங்காடு, அதான் வேலி போட்ட மேய்ச்சல் காடு, இருக்குதுங்களா அம்மிணி?

போன தை மாதம் என் பட்டியில் ஒரே ராத்திரியில் ஒன்பது ஆடு. விடியக்காலை போகிறேன், படல் சாத்தினபடி இருக்கிறது, கிளுவை வேலிச் சந்தில் புகுந்திருக்கிறது நாய்க் கூட்டம். கழுத்திலும் தொடையிலும் கடி, ஒன்றைக்கூடத் தின்னவில்லை, கடித்துக் கடித்துப் போட்டிருக்கிறது. ஒரு கிடாய் மட்டும் நின்றபடியே நடுங்கிக்கொண்டிருந்தது, வாயருகில் தண்ணி காட்டினால் குடிக்கவில்லை, மத்தியானம் அதுவும் போச்சு. ஓடின நாய்களில் ஒன்றின் கழுத்தில் சிவப்பு பெல்ட் கிடந்தது. யாரோ வீட்டில் பேர் வைத்து, பிஸ்கட் போட்டு வளர்த்ததுதான் அது. காங்கேயம், சென்னிமலைப் பக்கமெல்லாம் நிவாரணம் கேட்டு விவசாயிகள் ரோட்டுக்கு வந்தது சும்மாவா?

பீளமேட்டுப் பொண்ணு:
படிக்கவே கஷ்டமா இருக்குங்க. ஆனால் அது வளர்த்த நாயைக் கொண்டுபோய் அநாதையாக விட்டவன் தப்பு, வளர்க்கிறவங்க எல்லாரையும் ஏன் சேர்க்கிறீங்க?

வெள்ளக்கோவில் பட்டிக்காரன்:
கொண்டுவந்து விடுகிறவனும் ஒரு நாள் வளர்த்தவன்தானுங்க. லாபம் அவன் வீட்டுக்கு, நட்டம் என் பட்டிக்கு. குடும்பத்துக்கு நாயால் என்ன நன்மை என்று பேசும்போது எந்தக் குடும்பம் என்றும் கேட்க வேண்டுமல்லவா.

கணக்குப்பிள்ளை:
அந்த ஸ்வீடன் கணக்கிலும் ஒரு ஓட்டை உண்டு. நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தெம்பு இருக்கிறவர்தான் நாயே வாங்குவார், அதனால் நாய் ஆரோக்கியம் கொடுத்ததா, ஆரோக்கியம் இருந்ததால் நாய் வந்ததா என்று அந்த மாதிரி ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. அப்புறம், குட்டி என்பது காலுக்குள் புகுந்து புகுந்து ஓடுவது. இந்த வயசில் அந்தம்மா தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு போனால் 33 சதவீதத்தை எங்கே வைப்பது?

பீளமேட்டுப் பொண்ணு:
சரி, ஜப்பானில் 2015-ல் பார்த்தது? நாயும் வளர்க்கிறவரும் கண்ணோடு கண் பார்த்தால் இரண்டு பேருக்குமே ஆக்சிடோசின் என்கிற பாசத்தைக் கூட்டும் ஹார்மோன் கூடுகிறது, தாய்க்கும் குழந்தைக்கும் நடக்கிற மாதிரி. ஆளே வளர்த்த ஓநாயிடம் அது நடக்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
எங்க ஆத்தாவுக்கு எருமை கண்ணைப் பார்த்தாலே அதுதான் நடக்கும், யாரும் வந்து சோதிக்கவில்லை :)

மருந்தகத்தில் இருந்தவன்:
கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இங்கே யாரும் ஊசியைப் பற்றிப் பேசவில்லை. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநாய் தடுப்பூசி, மறு ஊசி, அப்புறம் வருசா வருசம். அந்த நோய்க்கு அறிகுறி வந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைத்ததில்லை. கடித்தாலோ கீறினாலோ, வீட்டு நாய்தானே என்று மஞ்சள் தடவிக்கொண்டு இருக்காதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

புசுபுசுவென்று ரோமம் உள்ள சீமை ஜாதி நம்ம சித்திரை வெயிலில் படும் பாட்டை நிறையப் பார்த்திருக்கிறேன், நாட்டு நாயே போதும். காவலுக்கு அதை மட்டும் நம்பாதீர்கள், கறியில் விஷம் வைத்தால் முடிந்தது. நல்ல லைட், கேமரா, கூப்பிட்டால் ஓடி வர பக்கத்துத் தோட்டத்து ஆள், இதெல்லாம் இருந்து கூட நாயும் இருந்தால் நல்லது. ஒறம்பரைக்கு ஒரு குரைப்பு, அந்நியனுக்கு ஒரு குரைப்பு, அதைக் காதால் பிரிக்க அம்மாவுக்கு ஒரு மாதம் பிடிக்காது.

சாளைவாசி:
இப்போதுதான் அம்மாவிடம் பேசினேன். குட்டியெல்லாம் வேண்டாமாம். அடுத்த தோட்டத்துக்காரர்கள் சாளையைப் பூட்டிவிட்டு பெங்களூர் போனபோது விட்டுப்போன கறுப்பு நாய் மூன்று மாதமாக நம்ம கட்டுத்தரையில்தான் படுக்கிறதாம், கம்மஞ்சோற்றில் மோர் ஊற்றி வைக்கிறாராம். "உனக்கு எதுக்குச் சொல்லோணும், அது பாட்டுக்குக் கெடக்குது" என்கிறார். ஊசி போட்டதா தெரியவில்லை. பொட்டை நாய்.

மருந்தகத்தில் இருந்தவன்:
பழகினவர் கையால் கயிறு போட்டு, துண்டால் வாயைக் கட்டி, ஆட்டோவில் மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். ஊசியும் கருத்தடையும் கேளுங்கள். விட்டால் வருசத்துக்கு இரண்டு ஈத்து.

வெள்ளக்கோவில் பட்டிக்காரன்:
ராத்திரியில் கட்டிப்போடச் சொல்லுங்க தம்பி.

மருந்தகத்தில் இருந்தவன்:
ராத்திரி கட்டிப்போட்டால் அப்புறம் காவல் எதுக்குங்க?

வெள்ளக்கோவில் பட்டிக்காரன்:
பக்கத்துக் காட்டில் யார் ஆடு அடைக்கிறார்கள் என்று முதலில் கேட்டுவிட்டு அவிழ்த்து விடுங்க.