லேசிக் செய்த கண்ணில் அழுத்தம் 15 என்றால் நம்பலாமா?

வயது 41. ஒன்பது வருடங்களுக்கு முன் இரண்டு கண்ணிலும் லேசிக் (பார்வைக் குறையைச் சரிசெய்ய, கண்ணின் முன்புறத் தெளிவான படலமான கார்னியாவை லேசரால் செதுக்கும் சிகிச்சை) செய்துகொண்டேன். போன மாதம் சாதாரணப் பரிசோதனைக்குப் போனபோது வலது கண் பார்வை நரம்பு முனையில் குழிவின் விகிதம் 0.7 என்றார்கள். இடது 0.5. அப்பாவுக்குக் கிளாக்கோமா (பார்வை நரம்பைச் சேதப்படுத்தும் கண் நோய்) உண்டு, அதனால்தான் பயம்.

காற்றடிக்கும் கருவியில் அழுத்தம் 13, கோல்ட்மேன் கருவியில் 15. இரண்டுமே இயல்பின் மேல்வரம்பான 21 மி.மீ. பாதரசத்துக்குள்தான். ஆனால் கார்னியா தடிமன் 462 மைக்ரான். சராசரி 540 அளவில் இருக்கும். கோல்ட்மேன் கருவி கார்னியாவை அழுத்தித் தட்டையாக்கி அளக்கிறது. மெல்லிய கார்னியா சுலபமாக வளைந்துகொடுப்பதால் உண்மையான அழுத்தத்தைவிடக் குறைவாகக் காட்டக்கூடும் என்று மருத்துவரே சொன்னார்.

சரி, எவ்வளவு குறைவு? அங்கேதான் சிக்கல். தடிமனுக்கு ஏற்பத் திருத்தும் அட்டவணைகளில் இரண்டைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. தனி ஒருவருக்கு அவற்றை நம்ப முடியாது என்கிறார் மருத்துவர். காலை, மாலை என நான்கு முறை அளந்தாயிற்று, 14 முதல் 16 வரை. பார்வைப் புலச் சோதனை இயல்பு. நரம்பிழைகளின் தடிமனை அளக்கும் ஓசிடி ஸ்கேனில் வலது கண்ணின் கீழ்ப்பகுதி நரம்பிழை இயல்புக்கும் குறைவுக்கும் இடைப்பட்ட விளிம்புநிலை. லேசிக்குக்கு முந்தைய அளவுகள் கிடைக்கவில்லை, அவை இருந்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். ஒரு மருத்துவர் சொட்டு மருந்து தொடங்கச் சொல்கிறார், இன்னொருவர் ஆறு மாதம் பார்க்கலாம் என்கிறார்.

லேசிக்குக்குப் பின் பாஸ்கல் போன்ற, கார்னியா தடிமனை அதிகம் சாராத கருவியில் அளந்தவர்கள் இருக்கிறீர்களா, அந்த அளவு உங்கள் மருத்துவரின் முடிவை மாற்றியதா?