பக்ஸில்லா 4.4-இலிருந்து 5.2-க்கு மேம்படுத்தல்: எழுத்துக் குறியாக்க எச்சரிக்கையில் நிற்கிறோம், திட்டத்தைச் சரிபார்க்க உதவி தேவை

ஓடை:

அனைவருக்கும் வணக்கம். தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஒரு கட்டற்ற மென்பொருளுக்கு வழு கண்காணிப்புத் தளமாகப் பக்ஸில்லாவை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறோம். தளம் முதலில் 2.x பதிப்பில் நிறுவப்பட்டது. அதன்பின் பொறுப்பில் இருந்தவர்கள் படிப்படியாக 4.4 வரை ஏற்றினார்கள், அதோடு நின்றுவிட்டது. இப்போது அந்தச் சர்வரின் இயங்குதளத்துக்கே பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை என்பதால் வேலையைத் தள்ளிப்போட வழியில்லை.

புதிய சர்வரில் புதிய இயங்குதளத்தை நிறுவி, தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல் 8-ஐப் போட்டு, தரவுத்தளத்தின் டம்ப்பை (முழு நகல் கோப்பை) அதில் ஏற்றி, நிறுவலையும் மேம்படுத்தலையும் செய்யும் பக்ஸில்லா 5.2-இன் செக்செட்டப் ஸ்கிரிப்டை ஓட்டி, ஒரே வார இறுதியில் முடித்துவிடலாம் என்பது என் திட்டம். இதே முறையில் ஒரு நகலில் ஒத்திகை பார்த்தேன். பழைய தளத்தில் யுடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளுக்குமான குறியாக்கம்) அமைப்பு அணைந்தே இருந்ததால் அதை இயக்கிவிட்டுச் செக்செட்டப்பைத் தொடங்கினேன். அட்டவணைகளின் சேமிப்பு வடிவத்தை யுடிஎஃப்-8-ஆக மாற்றப்போவதாகவும், யுடிஎஃப்-8 அல்லாத தரவு இருந்தால் அது அழிக்கப்படும் என்றும், உறுதியாகத் தெரியாவிட்டால் கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்திவிட்டு முதலில் பழைய தரவை யுடிஎஃப்-8-க்கு மாற்றும் ரீகோட் ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும் என்றும் ஒரு செய்தி வந்தது. "அழிக்கப்படும்" என்ற பகுதி மட்டும் இருபுறமும் நட்சத்திரக் குறிகளுடன் பெரிய எழுத்தில் இருந்தது. நிறுத்திவிட்டேன்.

எங்கள் பழைய கருத்துகளில் பல மொழி எழுத்துகளும் உள்ளன. சில சரியாகத் தெரிகின்றன, சில குப்பையாகத் தெரிகின்றன. இவை தவிர, நேரடியாகத் திருத்தப்பட்ட சில பெர்ல் (பக்ஸில்லாவின் நிரல்மொழி) கோப்புகள், நாங்களே எழுதிய ஒரு நீட்சி (கூடுதல் வசதி தரும் துணை நிரல்), நிரல் மாற்றங்களை வழுப் பதிவில் கருத்தாகச் சேர்க்கும் ஒரு பாட் (தானியங்கி நிரல்) ஆகியவையும் உண்டு. அந்த எச்சரிக்கையை எப்படிக் கடப்பது? என் திட்டத்தின் வரிசை சரியா? இடைப்பதிப்புகளில் நின்று நின்று ஏற வேண்டுமா?

கலங்கரை:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இடைப்பதிப்புகளில் நிற்க வேண்டியதில்லை. எவ்வளவு பழைய பதிப்பாக இருந்தாலும், தரவுத்தளத்தின் அமைப்பைப் பார்த்து, விடுபட்ட மாற்றங்களை வரிசையாகச் செய்யத்தான் செக்செட்டப் எழுதப்பட்டிருக்கிறது. 5.2-ஐத் தேர்ந்ததும் சரிதான். 2024-இல் 5.0.4.1, 5.2 என இரண்டு வெளியீடுகள் வந்ததால் பலருக்குக் குழப்பம் ஏற்பட்டது. 5.0.5-இலும் 5.0.6-இலும் ஒரு நிலைப்பதிப்பில் வரக்கூடாத அளவுக்கு மாற்றங்கள் புகுந்துவிட்டன, எனவே 5.0.6-இன் தொடர்ச்சிக்கு 5.2 என்று பெயரிட்டு, 5.0.4-இல் இருந்தவர்களுக்குத் தனியாக 5.0.4.1-ஐக் கொடுத்தார்கள். 4.4-இலிருந்து வரும் உங்களுக்கு 5.2தான் பொருத்தம்.

வரிசையைப் பற்றி எனக்குக் கடுமையான மறுப்பு உண்டு. சர்வர், பெர்ல், தரவுத்தள மென்பொருள், எழுத்துக் குறியாக்கம், பக்ஸில்லா என ஐந்தையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு, முடிவில் ஒரு கருத்து குப்பையாகத் தெரிந்தால், எந்தப் படியில் கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. புதிய சர்வரில் முதலில் 4.4-ஐயே அப்படியே ஓட வையுங்கள். அது பழைய தளத்தைப் போலவே காட்டினால் இடமாற்றம் சரி. அதன்பின் எது கெட்டாலும் அது மேம்படுத்தலின் விளைவு.

ஆனால் மைஎஸ்க்யூஎல் 8-இன் மேல் 4.4 ஓடாது. பக்ஸில்லாவில் குழுக்களைச் சேமிக்கும் அட்டவணையின் பெயர் 'குரூப்ஸ்', மைஎஸ்க்யூஎல் 8.0-இல் அது ஒதுக்கப்பட்ட சொல்லாகிவிட்டதால், மேற்கோள் குறியில்லாமல் அந்தப் பெயரை எழுதும் பழைய நிரலின் வினவல்கள் எல்லாம் இலக்கணப் பிழையில் விழும். மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபியில் அந்தச் சொல் ஒதுக்கப்படவில்லை. புதிய சர்வரில் மரியாடிபியைப் போட்டால் 4.4-ஐ அங்கே எழுப்பிப் பார்க்கலாம், பிறகு 5.2-க்கும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

பெர்லிலும் ஓர் இடத்தைப் பாருங்கள். 2017-இல் வந்த பெர்ல் 5.26 முதல், நடப்புக் கோப்புறை தேடல் பாதையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. உங்கள் நீட்சி அருகிலிருக்கும் ஒரு கோப்பைப் பெயரை மட்டும் சொல்லி ஏற்றினால், கோப்பு கண்ணெதிரே இருக்கும்போதே "காணவில்லை" என்று பிழை வரும்.

பனித்துளி:

இவ்வளவு பாடுபட்டு ஏன் பக்ஸில்லாவிலேயே இருக்க வேண்டும்? பக்ஸில்லாவைப் பயன்படுத்திய க்னோம் திட்டம் 2018-இல் கிட்லேப் என்ற தளத்துக்குப் போய்விட்டது. எல்எல்விஎம் திட்டமும் தன் வழுப் பதிவுகளை 2021-இன் இறுதியில் கிட்ஹப்புக்கு மாற்றிவிட்டது. தன்னார்வலர்களை வைத்துப் பெர்ல் நிரலைப் பராமரிப்பதைவிட, இந்த வாய்ப்பிலேயே வெளியேறுவதுதான் நல்லது என்பது என் கருத்து.

கலங்கரை:

வெளியேறுவது தவறில்லை, ஆனால் அது வேறொரு திட்டம். நிரல் வரலாற்றிலும் அஞ்சல்களிலும் ஆவணங்களிலும் "வழு எண் இத்தனை" என்று எழுதிவைத்தவை எல்லாம் புதிய இடத்திலும் சரியான பதிவையே சுட்ட வேண்டும். விக்கிமீடியா 2014-இல் பக்ஸில்லாவிலிருந்து ஃபேப்ரிக்கேட்டர் என்ற வேறொரு கண்காணிப்புத் தளத்துக்குப் போனபோது, ஒவ்வொரு வழு எண்ணுடனும் 2000-ஐக் கூட்டிப் புதிய எண்ணாக்கினார்கள். அந்த ஒரே விதியால் பழைய இணைப்புகளை எல்லாம் திருப்பிவிட முடிந்தது. அதுபோன்ற ஏற்பாட்டை யோசிக்கவே மாதக்கணக்கில் பேச வேண்டியிருக்கும், அதுவரை திருத்தங்கள் வராத சர்வரில் தளம் ஓடிக்கொண்டிருக்கும். மேம்படுத்திவிட்டு நிதானமாகப் பேசலாம்.

துடுப்பு:

குறியாக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் மீட்க முடியாத இழப்பு நேரக்கூடிய இடம் அதுதான்.

உங்கள் அட்டவணைகள் லத்தீன்-1 (மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய குறியாக்கம்) என்று முத்திரை குத்தப்பட்டிருக்கும், ஆனால் உள்ளே இருக்கும் பைட்டுகள் எந்தக் குறியாக்கத்திலும் இருக்கலாம்; உலாவி எதை அனுப்பியதோ அதைப் பழைய பக்ஸில்லா அப்படியே எழுதி வைத்தது. செக்செட்டப் மாற்றும்போது பைட்டுகளைத் தொடாமல், பைனரி (வெறும் பைட்டுகள்) வழியாக முத்திரையை மட்டும் மாற்றுகிறது. எனவே உள்ளே சரியான யுடிஎஃப்-8 இருந்தால் ஒன்றும் ஆகாது. விண்டோஸ் குறியாக்கத்தில் ஒற்றை பைட்டாக வந்து உட்கார்ந்த எழுத்துகளுக்குத்தான் ஆபத்து, ஏனெனில் அவை யுடிஎஃப்-8-ஆகப் பொருள்படாது. ரீகோட் ஸ்கிரிப்ட் அவற்றைக் கண்டுபிடித்து மாற்றும். ஊகிக்கும் வசதிக்கு என்கோட் டிடெக்ட் என்ற பெர்ல் தொகுதி தேவை. முதலில் எதையும் எழுதாத வெள்ளோட்டமாக, தோல்விகளைக் காட்டும் விருப்பத்தோடு ஓட்டுங்கள். ஊகம் சறுக்கும் சிறு துணுக்குகளுக்கு எந்தக் குறியாக்கத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. அதை ரீகோட்டும் திருத்தாது, செக்செட்டப்பும் திருத்தாது. யாரோ ஒருவர் முன்பு டம்ப் கோப்பில் லத்தீன்-1 என்றிருப்பதை யுடிஎஃப்-8 எனத் தேடி மாற்றிவிட்டு ஏற்றியிருந்தால், பைட்டுகள் இருமுறை குறியாக்கம் பெற்றிருக்கும். 'அ' இருக்க வேண்டிய இடத்தில், தலையில் கோடிட்ட ஓர் ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், மூன்று புள்ளிகள் என்று தெரிந்தால் அது இந்த வகைதான். கண்ணை நம்ப வேண்டாம், உலாவியும் ஏமாற்றும். உரையின் நீளத்தை பைட்டுகளில் தரவுத்தளத்திடம் கேளுங்கள். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8-இல் சரியாக 3 பைட்டு. 'கணினி' என்பதில் ஐந்து குறிகள் இருப்பதால் 15 வர வேண்டும். இருமுறை குறியாக்கமாகியிருந்தால் ஒரு குறிக்கு 6 அல்லது 7 வீதம் இரு மடங்குக்கு மேல் வரும். மென்பொருளுக்கு அது செல்லுபடியாகும் யுடிஎஃப்-8 என்பதால் எந்த எச்சரிக்கையும் எழாது.

ஆகவே என் பரிந்துரை: டம்ப் எடுக்கும்போதும் ஏற்றும்போதும் லத்தீன்-1 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள், கோப்பில் உள்ள அறிவிப்புகளைத் தொடாதீர்கள். கலங்கரை சொன்னபடி 4.4 புதிய சர்வரில் எழுந்ததும், ரீகோட்டை முடித்து, யுடிஎஃப்-8 அமைப்பை 4.4-இலேயே இயக்கி, 4.4-இன் செக்செட்டப்பையே ஓட்டுங்கள். குறியாக்கம் சரியான பிறகுதான் 5.2.

ஓடை:

இருவருக்கும் மிக்க நன்றி. மரியாடிபியின் மேல் 4.4 எழுந்தது; நீட்சி மட்டும் கலங்கரை சொன்ன அதே காரணத்தால் விழுந்தது, முழுப் பாதையைக் கொடுத்ததும் சரியானது. ரீகோட் வெள்ளோட்டத்தில் வந்தவற்றில் பெரும்பாலானவை பழைய விண்டோஸ் எழுத்துகள்தாம். ஆனால் அடுத்தடுத்த எண்களைக் கொண்ட ஒரு தொகுதிக் கருத்துகள் மட்டும் நீளச் சோதனையில் மூன்றாவது வகையாகத் தெரிகின்றன. அவற்றை எப்படி மீட்பது?

துடுப்பு:

அடுத்தடுத்த எண்கள் என்றால், அந்தக் காலத்தில் ஓர் இடமாற்றமோ மீட்பு முயற்சியோ நடந்திருக்க வேண்டும். யுடிஎஃப்-8 மாற்றம் முடிந்த பிறகு, அந்தக் கருத்துகளை லத்தீன்-1-ஆக மாற்றி, கிடைத்ததைப் பைனரியாகக் கருதி, மறுபடி யுடிஎஃப்-8-ஆக வாசிக்கும் ஒரே வரியை எழுதுங்கள். முதலில் தேர்வு வினவலாக மட்டும் ஓட்டி முடிவைப் பார்க்க வேண்டும். அந்தத் தொகுதிக்கு வெளியே ஒரு பதிவைக்கூடத் தொடக் கூடாது, சரியான உரை இதில் சிதைந்துவிடும். திருத்தியபின் முழு உரைத் தேடல் அட்டவணையைக் காலி செய்துவிட்டால் அடுத்த செக்செட்டப் அதை மறுபடி நிரப்பும். இல்லாவிட்டால் பக்கத்தில் உரை சரியாகத் தெரியும், தேடினால் கிடைக்காது.

கலங்கரை:

இனி 5.2-க்குப் போகலாம். நேரடியாகத் திருத்திய கோப்புகளின் வித்தியாசத்தை எடுத்து 5.2-இல் ஒட்டப் பார்க்காதீர்கள். 5.0.5-இல் நிரல் முழுவதும் பெர்ல்டைடி என்ற வடிவமைப்புக் கருவியைக் கொண்டு மறுவடிவம் பெற்றதால் ஏறக்குறைய எல்லா வரிகளும் மோதும். ஒவ்வொரு திருத்தத்தையும் எதற்காகச் செய்தார்கள் என்று படித்துப் பாருங்கள். பலவற்றுக்கு இன்று தேவையே இருக்காது. தேவைப்படுபவற்றைத் தனிப்பயன் வார்ப்புருக் கோப்புறைக்கோ நீட்சியின் கொக்கிகளுக்கோ (மூல நிரலைத் தொடாமல் நீட்சி இணையும் இடங்கள்) நகர்த்துங்கள்.

பாட் குக்கியைக் கொண்டு உள்நுழைவதாக இருந்தால் அதை மாற்றியே ஆக வேண்டும். 5.0 முதல் பயனருக்கு ஏபிஐ சாவி (நிரல்கள் உள்நுழைவதற்கான இரகசியக் குறி) உருவாக்கும் வசதியும், நிரல்கள் வலைவழியே தளத்தோடு பேசும் ரெஸ்ட் இடைமுகமும் உள்ளன. பாட்டுக்குத் தனிக் கணக்கும் தனிச் சாவியும் கொடுங்கள்.

ஒத்திகை நகல் பற்றி ஒன்று. அமைப்புக் கோப்பை நகலெடுத்தால் பழைய முகவரியும் அஞ்சல் அமைப்பும் கூடவே வந்துவிடும். அஞ்சல் அனுப்பும் முறையைச் சோதனை நிலைக்கு மாற்றினால் மடல்கள் எல்லாம் ஒரு கோப்பில் விழும். மறந்தால், நகலில் நீங்கள் மூடிப் பார்க்கும் ஒவ்வொரு வழுவுக்கும் உறுப்பினர்களுக்கு உண்மையாகவே மடல் போகும். நினைவூட்டல் அனுப்பும் கிரான் (குறித்த நேரத்தில் தானே ஓடும்) வேலையையும் நிறுத்தி வையுங்கள்.

ஓடை:

திரும்பிப் போகும் வழியைத் தீர்மானிக்க முடியவில்லை. திறந்த பிறகு பெரிய கோளாறு தெரிந்தால் எதுவரை பழையதற்குத் திரும்பலாம்?

கலங்கரை:

செக்செட்டப் பின்னோக்கிப் போகாது. காப்பு நகலை மீட்பது ஒன்றே வழி. அப்படி மீட்டால் புதிய தளத்தில் பதிவான வழுக்களும் கருத்துகளும் போய்விடும். ஆகவே உண்மையான எல்லை, பொதுமக்களுக்குத் திறந்ததும் விழும் முதல் பதிவு. அதற்கு முன்பே சோதனைகள் அனைத்தையும் முடிக்க வேண்டும். பழைய தளத்தில் பணிநிறுத்தச் செய்தி அமைப்பை நிரப்பினால் எல்லாப் பக்கங்களும் அந்தச் செய்தியையே காட்டும், யாராலும் எழுத முடியாது. அதன் பிறகே கடைசி டம்ப்பை எடுங்கள். புதிய தளத்தைச் சில உறுப்பினர்களுக்கு மட்டும் திறந்து, குழு அனுமதியோடு மறைக்கப்பட்ட ஒரு பாதுகாப்பு வழுவை அனுமதி இல்லாத கணக்கில் திறக்கச் சொல்லுங்கள், பெரிய இணைப்புக் கோப்பு ஒன்றைப் பதிவிறக்கச் சொல்லுங்கள், சேமித்த தேடல்களை ஓட்டச் சொல்லுங்கள். தரவுத்தளத்தின் பொட்டல அளவு வரம்பு (ஒரே தடவையில் அனுப்பக்கூடிய தரவின் உச்ச அளவு) புதிய சர்வரில் சிறியதாக இருந்தால் இணைப்புக் கோப்புகளில்தான் அது முதலில் தெரியும். இவை தேறாவிட்டால் எதையும் இழக்காமல் திரும்பிவிடலாம்.

ஓடை:

நீங்கள் சொன்ன வரிசையில் தொடக்கம் முதல் முடிவு வரை நகலில் மறுபடி ஓட்டினேன். குறியாக்கப் படி எச்சரிக்கை இல்லாமல் முடிந்தது, மீட்ட கருத்துகள் தேடலிலும் கிடைக்கின்றன. பெரிய இணைப்புக் கோப்பு நீங்கள் சொன்னது போலவே தடுக்கியது. பொட்டல வரம்பைப் பழைய சர்வரின் அளவுக்கு உயர்த்தியதும் இறங்கியது. நேரம் அதிகம் எடுத்தது தேடல் அட்டவணையை நிரப்பும் படிதான், எனவே பணிநிறுத்த அறிவிப்பில் அந்தப் படிக்கும் இடம் விட்டு நேரம் குறித்திருக்கிறோம். பாட்டின் புதிய சாவி சோதனையில் வேலை செய்கிறது. திறப்பதற்கு முன் சரிபார்க்க மூன்று உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு வேண்டுமென்றே பாதுகாப்புக் குழுவில் இடம் தரவில்லை.