வண்டிக் கழிவுத் தாங்கியின் வால்வு: "தகட்டுக் கதவு" என்று சொல்லலாமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். வண்டியில் இருக்கிற கழிவுத் தாங்கியின் வால்வுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன கிழமை கேட்டிருந்தேன். அதற்கு இத்தனை பதில் வந்தது பெரிய சந்தோஷம். முதலில், "வால்வு என்றாலே எல்லாருக்கும் விளங்குதே, பிறகு ஏன் இந்தப் பாடு" என்று எழுதிய அண்ணைக்குப் பதில் சொல்கிறேன். ஒரு மாதத்துக்கு முன்வரை எனக்கும் அதே எண்ணம்தான்.

நான் யாழ்ப்பாணத்தில் குழாய் பொருத்தும் வேலை படிப்பிக்கிறவன். என் தங்கச்சியின் மகன் ஒன்ராறியோவில் இருக்கிறான். படுக்கை, அடுப்பு, கக்கூசு எல்லாம் உள்ளுக்குள்ளேயே இருக்கிற பழைய கேம்பர் வண்டி ஒன்று வாங்கினான். ஒருநாள் வைபரில் எடுத்து, "மாமா, கழிவு போற குழாயின்ர மூடியைக் கழட்டினா ஒரு கோப்பை ஊத்தை தண்ணி சப்பாத்தில கொட்டுது. வால்வு பூட்டித்தான் கிடக்கு" என்றான். இங்கே இருந்துகொண்டே நான் சொல்லச் சொல்ல அவன் கழட்டினான்.

"வாசரைப் பார்" என்றேன். நான் சொன்னது தகட்டின் இரண்டு பக்கமும் இருக்கிற றப்பரை. அவன் பார்த்தது போல்ட்டுக்குக் கீழே இருந்த இரும்பு வாசரை. "நல்லாத்தான் இருக்கு மாமா" என்றான். அதில் அரை மணித்தியாலம் போயிற்று. பிறகு புது றப்பர் போட்டு முடித்ததும், "இப்ப வால்வைப் பூட்டு, பூட்டிப்போட்டுத் தண்ணி விட்டுப் பார்" என்றேன். "பூட்டிட்டன்" என்றான். ஒரு வாளித் தண்ணீரும் அப்படியே நிலத்தில். எங்கட ஊர்ப் பேச்சில் பூட்டுதல் என்றால் அடைத்தலும்தான், கழட்டினதைத் திரும்பப் பொருத்துதலும்தான். அவன் போல்ட் நாலையும் பூட்டியிருந்தான். தகடு திறந்தபடியே இருந்தது. நல்ல தண்ணீர் என்றபடியால் தப்பினான்.

இரண்டு பேரும் ஒரே ஊர்த் தமிழ் பேசுகிறவர்கள். அப்படியிருந்தும் இந்தப் பாடு. வால்வு பிறமொழிச் சொல் என்பது எனக்குக் குறையே இல்லை. கக்கூசு ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். அதை எடுத்துவிட்டால் எங்கட அம்மம்மாமார் வாய் திறக்கேலாது. மானிப்பாயில் தமிழில் மருத்துவம் படிப்பித்த டொக்டர் கிறீன் எத்தனையோ சொற்களைத் தமிழில் ஆக்கினவர். அவரே 1875இல் இரசாயன நூலுக்கு "கெமிஸ்தம்" என்றுதான் பெயர் வைத்தார். என் குறை வேறு. சைக்கிள் ரியூப்பில் இருப்பதும் வால்வு, இதயத்தில் இருப்பதும் வால்வு, காஸ் சிலிண்டரில் இருப்பதும் வால்வு. இந்தச் சாமான் எப்படி வேலை செய்கிறது, எந்த இடத்தில் பழுதாகும் என்று அந்தச் சொல் ஒன்றும் சொல்வதில்லை.

பார்க்காதவர்களுக்காகச் சாமானைச் சொல்கிறேன். தாங்கியிலிருந்து வரும் குழாய்க்குக் குறுக்கே ஒரு மெல்லிய தகடு. மலநீர்த் தாங்கிக்கு பெரும்பாலும் 3 அங்குலக் குழாய், குளியல், கைகழுவும் தண்ணீர்த் தாங்கிக்கு 1½ அங்குலம். தகட்டில் ஒரு கம்பி, கம்பி நுனியில் கைபிடி. இழுத்தால் தகடு வெளியே வந்து வழி திறக்கும், தள்ளினால் ஒரு தவாளிப்புக்குள், அதாவது நீளப் பள்ளத்துக்குள், போய் இருந்து வழியை அடைக்கும். தகட்டின் முன்னும் பின்னும் ஒவ்வொரு றப்பர். எல்லாவற்றையும் சேர்த்து நாலு போல்ட். அவ்வளவுதான்.

ஒழுகுவதற்கு முதல் காரணம் அந்தத் தவாளிப்பு. கடதாசித் துண்டோ காய்ந்த மலமோ அதில் தங்கினால் தகடு கடைசி ஒரு நூல் தூரம் உள்ளே போகாது. கைபிடியைப் பார்த்தால் முழுக்க அடைத்த மாதிரியே இருக்கும். இதற்கு ஒன்றும் கழட்டத் தேவையில்லை. தாங்கியை வெறுமையாக்கி, நல்ல தண்ணீர் விட்டு, தண்ணீர் போகப் போகத் தகட்டை நாலைந்து தரம் இழுத்துத் தள்ளினால் பல நேரம் தீர்ந்துவிடும். அப்படியும் ஒழுகினால் றப்பர் காய்ந்து வெடித்திருக்கும், அல்லது சுருண்டிருக்கும். அப்போதுதான் போல்ட் கழட்டும் வேலை. மூடிக்குள்ளே தண்ணீர் தேங்கினால் தகட்டைத் தாண்டி வருகிறது என்று அர்த்தம். வால்வுக்கு வெளியே, பொருத்துக்குக் கீழே சொட்டினால் றப்பர் அதன் இடத்தில் சரியாகப் பொருந்தவில்லை, அல்லது போல்ட் இளகியிருக்கிறது. முதலாவதை உள்ளொழுக்கு, இரண்டாவதை வெளியொழுக்கு என்று என் மாணவர்களுக்குச் சொல்லத் தொடங்கியிருக்கிறேன். இந்த இரண்டுக்கும் யாரும் மறுப்புச் சொல்லமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இனி நீங்கள் தந்த சொற்கள்.

"ஓரதர்" அழகான சொல். அதர் என்றால் வழி. ஆனால் அது ஒரு பக்கமாக மட்டும் விடுகிற வால்வுக்குத்தான் பொருந்தும். நம்முடைய தகடு திறந்திருந்தால் எந்தப் பக்கமும் விடும். "தடுக்கிதழ்" இதயத்துக்கு நல்லது. இதழ் என்றால் மெல்லியது, வளைவது என்ற நினைப்பு வரும். இது விறைத்த தகடு.

"மதகு" என்று தமிழகத்திலிருந்து மூன்று பேர் எழுதினீர்கள். உங்களுக்கு அது ஏரியில் தண்ணீர் திறக்கும் இடம். எங்களுக்கு மதகு என்றால் றோட்டுக்குக் குறுக்கே வாய்க்கால் போகிற சின்னப் பாலம், பின்னேரம் பெடியள் குந்தியிருந்து கதைக்கிற இடம். மாணவனிடம் "மதகைக் கழட்டு" என்று சொல்லேலாது.

"மடை" என்றவருக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கும் முதலில் வந்த சொல் அதுதான். தோட்டத்தில் இறைப்பு நடக்கும்போது ஒரு பாத்தி நிரம்பியதும் மண்வெட்டியால் இரண்டு கொத்து மண் போட்டு அதற்குத் தண்ணீர் போகிற வாயை அடைத்து அடுத்ததைத் திறப்பார்கள். அந்த வாய்தான் மடை. வெங்காயத் தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் வேறு வராது. ஆனால் மண் மடை எப்போதும் கொஞ்சம் கசியும், யாரும் கவலைப்படுவதில்லை. கசிவதும் பயிருக்குத்தானே போகிறது. மலநீரில் ஒரு சொட்டும் கூடாது. அதைவிட முக்கியமாக, எங்கட ஊரில் மடை என்றால் தெய்வத்துக்குப் படைக்கிறதும்தான். வைரவர் மடைக்குப் பொங்கிவிட்டு வந்த கையோடு மலநீர்த் தாங்கியின் மடையைத் திற என்று சொல்ல என் வாய் கூசுகிறது. நீங்கள் எப்படி நினைக்கிறீர்களோ, நான் அதை எழுதமாட்டேன்.

வன்னிப் பக்கம் குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடுகிற அடைப்புக்கு "துருசு" என்ற சொல் உண்டு. குளக்கட்டு விட்டு வெளியே வந்தால் அது ஆருக்கும் விளங்காது. குளத்தில் மிஞ்சின தண்ணீரை வெளியே விடுகிற "வான் கதவு" நல்ல சொல்தான், இரணைமடுக் குளம் நிரம்பினால் "வான் கதவு திறந்தாச்சு" என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். ஆனால் எங்களுக்கு வேனும் வான்தான். வண்டியைப் பற்றி எழுதும்போது வான் கதவு என்றால் ஆட்கள் ஏறும் கதவைத்தான் தேடுவார்கள்.

அந்த யோசனையில் "வான்" போனாலும் "கதவு" நிற்கிறது என்பதைப் பார்த்தீர்களா? தண்ணீரை மறித்து நிற்கும் தகட்டைக் கதவு என்று சொல்ல மக்கள் எப்போதோ பழகிவிட்டார்கள். "கதவு கீலில் திரும்புவது, இது வழுக்கிப் போவது" என்று ஒருவர் மறுத்திருந்தார். எங்கட அப்புவின் கடையில் முன்பக்கக் கதவுக்குக் கீலே கிடையாது. தனித்தனிப் பலகைகள், ஒவ்வொன்றாகத் தவாளிப்புக்குள் விட்டுத் தள்ளி அடுக்கிச் சாத்துவது. சாத்துமுன் அப்பு ஈர்க்குக் குச்சியால் கீழ்த் தவாளிப்பை ஒருதரம் கிண்டித் துப்புரவாக்குவார். ஒரு சின்னக் கல் கிடந்தாலும் பலகை மேலெழும்பி நிற்கும், அடுத்த பலகை வராது. வண்டித் தாங்கியில் நடப்பது இதேதான். கல்லுக்குப் பதிலாகக் கடதாசி.

அதனால் என் முன்மொழிவு "தகட்டுக் கதவு". அது போகிற பள்ளம் "தவாளிப்பு", பாடப்புத்தகத்தில் கப்பியில் கயிறு ஓடுகிற பள்ளத்துக்கு இருக்கிற அதே சொல். இரண்டு பக்க றப்பருக்கு "விளிம்பு றப்பர்". வாசர் என்று சொல்லவே வேண்டாம். கதவு என்று வைத்தால் வினைச்சொல் தானாக வரும்: திற, சாத்து. பூட்டு என்பதைப் பொருத்தும் வேலைக்கு மட்டும் விட்டுவிடலாம். "கதவைச் சாத்திப்போட்டுத் தண்ணி விடு" என்று சொல்லியிருந்தால் அவனுக்கு அந்த வாளித் தண்ணீர் வீணாகியிராது.

இந்த இரண்டு தாங்கிகளுக்கும் ஆங்கிலத்தைப் பார்த்து "கறுப்பு நீர்", "சாம்பல் நீர்" என்று சிலர் எழுதுகிறீர்கள். சாம்பல் நீர் என்றால் அடுப்புச் சாம்பல் கரைத்த தண்ணீர் என்றுதான் இங்கே விளங்கும். மலநீர், கழுவுநீர் போதும்.

இது கனடா வண்டிக்கான சொல் மட்டும் என்று நினைக்காதீர்கள். இங்கே மலக்குழி உறிஞ்சுகிற பவுசர் வண்டிக்குப் பின்னாலும் அடைப்பு ஒன்று உண்டு, அதுவும் ஒழுகும். யாழ்ப்பாணத்தில் எங்களில் பலர் குடிப்பது கிணற்றுத் தண்ணீர், கீழே இருப்பது வெடிப்பும் துளையுமான சுண்ணாம்புக்கல். மேலே சிந்துவது கிணற்றுக்குப் போக அதிக காலம் எடுக்காது. அந்தப் பவுசரில் வேலை செய்யப்போகும் பெடியனுக்கு உள்ளொழுக்கும் வெளியொழுக்கும் பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும்.

செய்முறைக் குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்: "தாங்கியை வெறுமையாக்கிக் கழுவவும். நாலு போல்ட்டையும் கழட்டித் தகட்டுக் கதவை வெளியே எடுக்கவும். விளிம்பு றப்பரின் ஒரு பக்கம் குழாய் விளிம்பில் மாட்டும், மறுபக்கம் தகட்டில் அழுந்தும், மாறிப் போடக்கூடாது. சிலிக்கன் கிறீஸ் பூசவும், இஞ்சின் எண்ணெய், வசலீன் பூசினால் றப்பர் ஊதிப் பழுதாகும். கதவை உள்ளே விடும்போது றப்பர் சுருளாமல் விரலால் பிடிக்கவும். போல்ட்டுகளை மூலைக்கு மூலை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கவும். கதவைச் சாத்தி, தண்ணீர் விட்டுப் பார்க்கவும்."

இன்னும் ஒன்றுக்குச் சொல் இல்லை. சில வண்டிகளில் கைபிடிக்கும் தகட்டுக்கும் இடையில் கம்பிக்குப் பதிலாக, சைக்கிள் பிறேக்கில் வருகிற மாதிரி உறைக்குள் ஓடும் கேபிள் இருக்கும். அது இழுபட்டு நீண்டால் கைபிடி முழுக்க உள்ளே போயிருக்கும், தகடு பாதி வழியில் நிற்கும். கழட்டிப் பார்த்தால் றப்பரும் புதிது, தவாளிப்பும் துப்புரவு, ஒழுக்கு மட்டும் நிற்காது. அந்தக் கேபிளுக்கும், அது நீளுகிற பழுதுக்கும் என்ன சொல்லலாம்? பிறேக் வேலை செய்கிற சைக்கிள் கடைக்காரரிடம் நாளைக்குப் போய்க் கேட்கப் போகிறேன். நீங்களும் உங்கள் ஊரில் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து