கீழத்தெரு குழுவில் ஒரு புதன்கிழமை

ஆகஸ்ட் 13, 2025

*மாலை 6:41*
*செல்வி மதினி:* நம்ம பூ ஆச்சி மனு மறுபடியும் தள்ளுபடி. இது மூன்றாவது தடவை. போனில் மெசேஜ் வந்திருக்கிறது, வாசிக்கத் தெரியாமல் என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

*கார்த்தி:* முதியோர் உதவித்தொகை மனுதானே? காரணம் என்ன போட்டிருக்கிறார்கள் மதினி?

*செல்வி மதினி:* ‘மகன் உள்ளார்.’

*பேச்சி சித்தி:* எங்கே உள்ளார்? திருப்பூருக்குப் போய்ப் பதினொரு வருஷம். அம்மன் கொடைக்குக்கூட எட்டிப் பார்க்கவில்லை 😡

*முத்து மாமா:* பெற்ற பிள்ளை இருக்கும்போது அரசாங்கம் ஏன் சோறு போட வேண்டும்? திட்டமே ஆதரவற்றவர்களுக்குத்தான். எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்தால் கஜானா தாங்குமா?

*கார்த்தி:* மாமா, மகன் இருக்கிறான் என்பது வேறு, காப்பாற்றுகிறான் என்பது வேறு. 2007-இல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி ஆச்சி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால், மகனைக் கூப்பிட்டு மாதாமாதம் பணம் தரச் சொல்வார்கள்.

*செல்வி மதினி:* அதையும் சொல்லிப் பார்த்தேன் தம்பி. ‘பெத்த பிள்ளை மேலயா எழுதிக் கொடுக்கச் சொல்லுத?’ என்று கேட்டு, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

*வார்டு அண்ணாச்சி:* 🌺 இனிய காலை வணக்கம் 🌺

*பேச்சி சித்தி:* அண்ணாச்சி, மணி ஏழாகப் போகிறது.

*வார்டு அண்ணாச்சி:* மன்னிக்கவும், வேறு குழுவுக்குப் போக வேண்டியது. ஆச்சி விஷயம் பார்த்தேன். நேற்றுத்தான் முதல்வர் தாயுமானவர் திட்டம் தொடங்கி வைத்தார், 70 வயது தாண்டியவர்களுக்கு ரேஷன் வீட்டுக்கே வரும். ஆச்சிக்கு 71, கேட்டுச் சொல்கிறேன்.

*செல்வி மதினி:* வரட்டும், நல்லதுதான். ரேஷன் கடைக் கருவி அவள் விரலை ஏற்பதே இல்லை. ஆனால் அண்ணாச்சி, அரிசி வந்தால் குழம்புக்கு? சிலிண்டர் 800-க்கு மேல். பிரஷர் மாத்திரை பெரியாஸ்பத்திரியில் சும்மா கிடைக்கிறது, தென்காசி போய்வர பஸ்ஸும் சும்மா. நடுவில் ஒரு டீ குடிக்க வேண்டாமா?

*முத்து மாமா:* ஆயுசு முழுக்க உழைத்தவர்கள் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கலாம். அதைச் சொன்னால் கோபம் வரும்.

*பேச்சி சித்தி:* வரத்தான் செய்கிறது. நாற்பது வருஷம் பீடி சுற்றினாள் அத்தான். அவள் பேரில் பீடிக் கடைப் பாஸ்புக் இருந்திருந்தால் பி.எஃப். பென்ஷனாவது வந்திருக்கும்.

*கார்த்தி:* அதிலும் குறைந்தபட்சம் 1,000 ரூபாய்தான் சித்தி. 2014 செப்டம்பரில் வைத்தது, இன்னும் அங்கேயே நிற்கிறது.

*பேச்சி சித்தி:* அந்த ஆயிரமாவது வருமே. ஆச்சிக்குப் பாஸ்புக் ஏன் இல்லை என்று யாராவது கேட்டீர்களா? அடுத்தவர் பாஸ்புக்கில் சுற்றிக் கொடுத்தாள். கூலியில் கழிவு போக மிச்சம் இவளுக்கு, பி.எஃப். பாஸ்புக்காரிக்கு. அந்தப் பாஸ்புக் யாருடையது என்று அத்தானுக்கே தெரியும்.

*முத்து மாமா:* இந்தச் செய்தி நீக்கப்பட்டது

*வேணி:* யாருடையது?

*பேச்சி சித்தி:* எங்கள் மாமியாருடையது. கடையில் ஒரு பேர், சுற்றுவது இரண்டு பேர். அந்தக் காலத்தில் பாதித் தெருவில் இதுதான் வழக்கம், அத்தையை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்தப் பி.எஃப். பணத்தில்தான் நம் வீட்டு மாடிப்படி கட்டினது. நானும் தினம் அதில்தான் ஏறுகிறேன்.

*மாலை 7:26*
*பால்பாண்டி:* நாளைக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு?

*வார்டு அண்ணாச்சி:* 5:30. மோட்டார் சரியாகிவிட்டது.

*கார்த்தி:* நான் ஒரு கணக்குச் சொல்லட்டுமா? மத்திய அரசின் முதியோர் உதவித்தொகை 1995-இல் 75 ரூபாயில் தொடங்கியது. 2007-இல் இந்திரா காந்தி பெயரில் மாற்றினபோது 200. இன்றைக்கும் 60-லிருந்து 79 வயது வரை அதே 200. ஒரு நாளைக்கு 6 ரூபாய் 66 காசு.

*வேணி:* நம் ஊரில் 1,200 தருகிறார்களே?

*கார்த்தி:* அதில் 1,000 மாநிலம் போடுவது அக்கா. அதுவும் 2011-லிருந்து மொத்தம் 1,000-லேயே பன்னிரண்டு வருஷம் கிடந்து, 2023-இல்தான் 1,200 ஆனது. ஆந்திராவில் போன வருஷம் ஜூலையிலிருந்து 4,000. அதையும் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

*முத்து மாமா:* ஆந்திராவின் கடனையும் சேர்த்துச் சொல்.

*கார்த்தி:* சொல்கிறேன் மாமா. ஆனால் எம்.பி.க்கள் சம்பளத்தை விலைவாசிக் குறியீட்டோடு கட்டி வைத்திருக்கிறார்கள். இந்த மார்ச்சில் 1,00,000 ரூபாய் 1,24,000 ஆனது, 2023 ஏப்ரலிலிருந்து கணக்கிட்டு. உங்கள் ஓய்வூதியத்துக்கு அகவிலைப்படி 55 சதவீதம். அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, முப்பது வருஷம் பாடம் நடத்தியிருக்கிறீர்கள். நீங்கள் வாங்கும் அதே கடையில்தானே ஆச்சியும் பருப்பு வாங்குகிறாள்? அவளுக்கு மட்டும் 2007 விலையா?

*வேணி:* இன்னொன்றும் படித்தேன். எந்த மாநிலத்தில் எத்தனை பேருக்கு மத்தியப் பணம் என்ற உச்சவரம்பே 2001 மக்கள்தொகையை வைத்துப் போட்டதாம். அப்போது ஆச்சிக்கு 47 வயது.

*வார்டு அண்ணாச்சி:* சரி, இங்கே பேசி ஆகப்போவது என்ன? வெள்ளிக்கிழமை கிராம சபை. தீர்மானமாகக் கொண்டுவாருங்கள், தலைவரிடம் நான் சொல்கிறேன். ஆனால் கூட்டம் வேண்டும். நம் ஊராட்சியின் ஜனத்தொகைக்கு 200 பேர் இருந்தால்தான் செல்லும். போன மே தினத்தில் ஆள் சேர்க்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

*பேச்சி சித்தி:* பீடிக் கடைக்கு வருகிறவர்களை நான் கூட்டி வருகிறேன். அன்றைக்குக் கடை லீவுதான்.

*இரவு 8:15*
*கார்த்தி:* வரைவு போட்டிருக்கிறேன், பாருங்கள்:
‘மத்திய அரசு வழங்கிவருகிற முதியோர் உதவித்தொகைப் பங்களிப்பு 200 ரூபாயை உயர்த்தி, ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்ப மாற்றியமைக்க வேண்டும். மகன் இருப்பதை மட்டும் காரணமாக காட்டி மனுவை தள்ளுபடி செய்யாமல், மகன் உண்மையில் பராமரிக்கிறாரா என்று நேரில் விசாரித்து எழுத வேண்டும். தள்ளுபடியானால் யாரிடம் மேல்முறையீடு செய்வது என்பதை மனுதாரருக்கு தமிழில் தெரிவிக்க வேண்டும்.’

*செல்வி மதினி:* பாஸ்புக் இல்லாத பீடித் தொழிலாளிகளையும் சேர்.

*வேணி:* ரேகை பதியவில்லை என்று ரேஷன் கடையில் திருப்பி அனுப்பக்கூடாது, அதையும்.

*இரவு 8:52*
*முத்து மாமா:* ‘காரணமாகக் காட்டி’, ‘மனுவைத் தள்ளுபடி’, ‘மனுதாரருக்குத் தமிழில்’. மூன்று இடத்தில் ஒற்று விட்டிருக்கிறாய். ‘நேரில் விசாரித்து’ என்றால் யார், எத்தனை நாளில்? ‘கிராம நிர்வாக அலுவலர் 30 நாட்களுக்குள்’ என்று போடு. இல்லாவிட்டால் உட்கார்ந்த இடத்திலேயே விசாரித்ததாக எழுதிவிடுவார்கள்.

*முத்து மாமா:* எல்லாருக்கும் கொடுப்பதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. அது வேறு.

*பேச்சி சித்தி:* சரி அத்தான்.

*முத்து மாமா:* நல்ல காகிதத்தில் நானே எழுதி வைக்கிறேன். கார்த்தி கையெழுத்தை எவனும் வாசிக்க முடியாது.

*கார்த்தி:* 🙏

*இரவு 9:20*
*செல்வி மதினி:* ஆச்சியிடம் சொல்லிவிட்டேன். வருகிறாளாம். ஒன்றுதான் கேட்டாள்: ‘அங்கயும் ரேகை வைக்கணுமாட்டி? பதியாதே.’

*வார்டு அண்ணாச்சி:* அங்கே கருவி கிடையாது. நோட்டுத்தான். மை தொட்டு வைத்தால் போதும்.

*செல்வி மதினி:* சொல்கிறேன். மைப்பெட்டி காய்ந்து கிடக்கப்போகிறது அண்ணாச்சி, பார்த்துக்கொள்ளுங்கள்.

*வார்டு அண்ணாச்சி:* புதிதாக வாங்கிவிடுகிறேன். பத்து மணிக்கு வந்துவிடுங்கள்.