மறுமொழி: 'அலைன்மென்ட்' – திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

கோவையிலிருந்து:

உயிரித் தகவலியல் பாடக் குறிப்பு திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. 'அலைன்மென்ட்' வரும் இடத்தில் மூன்று நாளாக நிற்கிறேன். A, T, G, C என்ற எழுத்துகளாலான இரண்டு மரபணு வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒத்த எழுத்துகள் நேருக்கு நேர் வரும்படி ஆங்காங்கே வெற்றிடம் விட்டு நிறுத்துவதுதான் அது. வகுப்பில் நம் ஊர்ப் பெயரை வைத்தே காட்டினேன்:

கோ ய ம் பு த் தூ ர்
கோ ய – மு த் தூ ர்

கோடு 'பு'வுக்கு நேராகவும் வரலாமே என்றாள் ஒரு மாணவி. வரலாம், மதிப்பெண் இரண்டுக்கும் ஒன்றுதான். 1970இல் நீடில்மன், வுன்ஷ் தந்த வழிமுறை அந்த மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறது: ஒத்தால் கூட்டல், ஒவ்வாவிட்டாலும் வெற்றிடம் விட்டாலும் கழித்தல். பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது, பெயர்தான் இல்லை. 'வரிசைப்படுத்தல்' என்றால், மரபணுவின் எழுத்து வரிசையைப் படித்தறியும் சீக்குவென்சிங்கும் அதுதான், சார்ட்டிங்கும் அதுதான். 'சீரமைப்பு' என்றால் சாலை போடுகிற நினைவு வருகிறது.

ஈரோட்டிலிருந்து:

அம்மணி, வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? நன்னூலின் பொருள்கோள் (செய்யுளில் சொற்களைக் கூட்டிப் பொருள் கொள்ளும் முறை) எட்டில் ஒன்று நிரல்நிறை. ஒரு நிரலில் சொற்கள், மறு நிரலில் அவற்றுக்குரியவை; இதற்கு இது என்று கொள்ள வேண்டும். நீங்கள் கேட்பது அதுவேதான். நன்னூல் எழுதிய பவணந்தியார் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்தார் என்பது எங்கள் பக்கத்து வழக்கு. அவர் ஊரான சனகாபுரம் மைசூர்ப் பக்கம் என்பவர்களுக்கு நான் தனியே எழுத வேண்டியிருக்கிறது. விஜயமங்கலம் சமணக் கோயிலைப் பார்த்தவர்கள்

(மீதி நான்கு பத்தியைக் குழுவினர் பொறுத்தருள்க. அடுத்த மடலில் அனுப்புகிறேன்.)

திருப்பூரிலிருந்து:

ஐயா, பவணந்தியார் எங்கு வேண்டுமானாலும் பிறந்திருக்கட்டும். கணினி படிக்கிற பிள்ளைக்கு 'நிரல்' என்றால் ப்ரோகிராம். 'நிரல்நிறையை நிரல் செய்கிறது' என்று எழுதினால் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். 'அலைன்மென்ட்' என்றே போடுங்கள். சைக்கிள் கடையில் எல்லோருக்கும் தெரிந்த சொல்.

ஈரோட்டிலிருந்து:

சைக்கிள் கடைக்காரர் அதைக் 'கோட்டம் எடுப்பது' என்பார், தம்பி.

சென்னிமலையிலிருந்து:

எங்கள் வீட்டில் தறி ஓடிய காலத்தில், பாவு (தறியில் நெடுக்காக ஓடும் நூல்) தீர்ந்தால் பழைய பாவின் இழை நுனியோடு புதிய பாவின் இழையை ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். ஓர் இழை தப்பினால் அடுத்ததெல்லாம் ஓரிழை தள்ளிப் போய்விடும். ஓர் எழுத்து விடுபட்ட வரிசைக்கும் இதே கதிதானே? 'இழைபொருத்தம்' என்று சொல்லிப் பார்க்கிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து:

பொருத்தம் என்றதும் பத்துப் பொருத்தம் பார்க்கிற சோதிடர் வந்து உட்கார்ந்துவிடுவார். தவிர, இழை என்று டி.என்.ஏ.வின் இழையைச் சொல்கிறோம். அதன்மேல் தறியின் இழையையும் ஏற்ற வேண்டாம். 'பொருத்தல்' என வினையாக்கி, முன்னே வரிசை என்று பொருள்படும் 'நிரை' சேர்த்தால்? கரும்பில் நூற்றுக்கு மேற்பட்ட குரோமோசோம்கள். ஏறத்தாழ ஒன்றுபோலிருக்கும் படிகள் (நகல்கள்) பல. எது எதன் படி என்று பிரிப்பதற்கே வரிசைகளை நிரை நிரையாக நிறுத்த வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்குச் சொல் குட்டையாக இருப்பது நல்லது.

திருப்பூரிலிருந்து:

நிரை என்றால் மாட்டு மந்தை அல்லவா? ஆநிரை கவர்கிற வெட்சித்திணை வரைக்கும் போய்விடுவோம். சரி, அலுத்துவிட்டது. என் வாக்கு நிரைபொருத்தலுக்கே.

கோவையிலிருந்து:

'நிரைபொருத்தல்' என்றே அனுப்பிவிட்டேன். முதல்முறை வருமிடத்தில் 'அலைன்மென்ட்' என்றும் சேர்த்திருக்கிறேன். வெற்றிடத்தை 'இடைவெளி' என்றே விட்டேன். அனைவருக்கும் நன்றி.

ஈரோட்டிலிருந்து:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், உடன்படவில்லை. டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுவன என்று உங்கள் குறிப்பிலேயே படித்தேன். ஓர் இழையின் முதல் எழுத்துக்கு மற்றதன் கடைசி எழுத்து இணை. 'முறையினும் எதிரினும்' என்று பவணந்தியார் நிரல்நிறையை இரண்டாக வகுத்தாரே, அந்த இரண்டாவதைப் பாருங்கள்: எதிர் நிரல்நிறை. அச்சகத்துக்குப் போயிருந்தாலும் மெய்ப்பு வரும் அல்லவா? அந்த ஓரிடத்திலாவது போடுங்கள், அம்மணி.